சைஸ் எழுதாத பெயர்

மங்கலம் ரோடு,
திருப்பூர்.
மே 20

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

முத்துப்பேச்சி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். எவ்வளவு சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நம் வீடு ஒற்றை அறை. வேல்விழிக்குப் பத்து வயசு முடிந்ததிலிருந்து பாம்புக் காது. சின்னவள் நாகஜோதி கேட்டதை அப்படியே தெருவுக்குச் சொல்லிவிட்டு வருகிறாள். அதோடு, நான் போனில் எதையாவது அழுத்திக் கேட்டால் உங்களுக்கு உடனே டவர் போய்விடுகிறது. ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறேன், கடல் தாண்டி இருக்கிற அக்ரா டவருக்கும் என் கேள்விக்கும் அப்படியொரு பகை. அஜீஸுன்னிசா அக்காவிடம் சொன்னேன். அங்கே அனுப்புகிற சாம்பிள் பெட்டியில் துணிக்கு அடியில் கடிதத்தை வைத்துவிடு என்றார். நஸ்ருதீன் பாய் அங்கே பனியன் கடை வைத்திருப்பதும், அவர் சம்சாரம் அக்கா இங்கே பனியன் யூனிட் நடத்துவதும் உங்களுக்கு வேலையாகவும் எனக்குத் தபாலாகவும் ஆகியிருக்கிறது. பதிலை நீங்களும் எழுதியே அனுப்புங்கள்.

முதலில் ஆர்டர் விஷயம். நீங்கள் அங்கே பிடித்துக் கொடுத்தீர்களே, அந்தச் சங்கத்து ஆர்டர். மெயிலில் விவரம் வந்ததும் கம்ப்யூட்டர் பார்க்கிற தரணி எங்கள் எல்லாருக்கும் படித்துச் சொன்னாள். அக்ராவும் அதைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களும் கா, டாங்மே என்ற ஜனங்களுடைய பூர்வீகமாம். அவர்களில் பாதிப் பேர் லண்டன், டொராண்டோ, ஹாம்பர்க் என்று போய்ப் பிழைக்கிறார்களாம். தனித்தனியாக இருந்த ஏழு சங்கங்கள் இந்த வருஷம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டனவாம். ஆகஸ்டில் ஹோமோவோ என்ற பண்டிகைக்கு எல்லாரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டு ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டி, தங்கள் பாஷையில் புத்தகம் அடித்துக் கொடுக்கப் போகிறார்களாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தங்கள் ஜனத்துப் பேர் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சட்டை முதுகிலும் அவரவருக்கு வீட்டில் வைத்த பேர் இருக்க வேண்டுமாம்.

படிக்கும்போதே எனக்கு இடித்தது. ஏழு சங்கம் ஒன்றாகச் சேர்ந்தது என்று ஒருவர் சொன்னால் நான் நம்பிவிட வேண்டுமா? நம் ஊர்க்காரர்கள் திருப்பூரில் முந்நூறு குடும்பம் இருக்கிறோம். அதற்கு மூன்று சங்கம். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போக மூன்று பஸ், மூன்று பேனர். சோணைமுத்து அண்ணன் சங்கத்து பஸ்ஸில் ஏறினேன் என்பதற்காக மற்ற இரண்டு சங்கத்துக்காரர்களும் நாகஜோதி காதுகுத்துக்கு வராமல் போனார்கள். ஒரே ஊர், ஒரே அம்மன், ஒரே தெரு, நமக்கே ஆகவில்லை. கடல் தாண்டி ஆளுக்கொரு தேசத்தில் இருப்பவர்கள் கூடிவிட்டார்கள் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்காவிடமும் சொன்னேன். உனக்கு நல்லதே தோன்றாதா என்று கேட்டார். பத்து வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறவளுக்கு ஓட்டை தேடுவதுதானே பிழைப்பு.

பிறகு பேர்ப் பட்டியல் வந்தது. அறுநூற்றுச் சொச்சம் வரி. பேர், சைஸ், வீட்டுப் போன் நம்பர், கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். முதல் பக்கத்திலேயே தரணி திகைத்துப் போனாள். ஏனுங்க்கா, டெடேங்கற பேரு எழுபது தடவை வருதுங்க, கோர்கோர்ங்கறது அறுபது தடவை வருதுங்க, எழுதுனதையே திருப்பித் திருப்பி எழுதிட்டாங்களாட்ட இருக்குதுங்க என்றாள். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. எவனோ ஒருத்தன் உட்கார்ந்த இடத்தில் நாலு பேரை மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பியிருக்கிறான், சங்கமாவது சாமியாவது என்று முடிவு கட்டினேன். போன் நம்பர்கள் வேறு வேறாகத்தான் இருந்தன. நம்பர் போட யாருக்குத்தான் வராது? அக்கா கோயம்புத்தூர் போயிருந்த அன்று தரணியிடம் நானே சொன்னேன், ஒரே பேரும் ஒரே சைஸும் வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு என்று. சைஸே எழுதாமல் சில வரிகள் இருந்தன. சைஸ் இல்லாமல் சட்டை ஏது? அவற்றையும் எடுக்கச் சொன்னேன். மிச்சத்தைப் பிரிண்டிங்குக்குக் கொடுத்தாகிவிட்டது. பாய் கேட்டால் முத்துப்பேச்சி செய்தாள் என்றே சொல்லுங்கள், நான் பயப்படவில்லை.

அடுத்தது சத்தம். நீங்கள் எப்போது பேசினாலும் பின்னால் பாட்டு ஓடும், எங்கேயாவது கொட்டுச் சத்தம் கேட்கும். இந்த ஒரு வாரமாக உங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கேட்டதற்கு, பண்டிகைக்காகத் தானியம் விதைத்துவிட்டால் ஊரே ஒரு மாதம் மேளம் அடிக்கக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, இங்கே அதுதான் வழக்கம் என்றீர்கள். நம் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் தாளிக்கக் கூடாது, உலக்கை போடக் கூடாது என்பார்கள், அதுபோல இருக்கும் என்று பாதி நம்பினேன். வேறு யார் வீட்டிலோ உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்று மீதிப் பாதி நினைத்தேன்.

அந்த மீதிப் பாதிதான் ஜெயித்தது. அடித்தது போக மிஞ்சிய பட்டியலை நேற்று மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் அடுத்தடுத்த இரண்டு வரியில் உங்கள் அக்ரா நம்பர் இருந்தது. அதை எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோர்கோர், பத்து வயசு சைஸ். காய், ஏழு வயசு சைஸ். இரண்டுக்கும் குறிப்பில் பெண்பிள்ளைகள் போடுகிற மாடல் என்று இருந்தது.

யார் அந்தக் கோர்கோர்? யார் அந்தக் காய்? நம் பிள்ளைகள் வயசிலேயே இரண்டு பெண் உள்ள ஒருத்தி அங்கே இருக்கிறாள், அவள் வீட்டு நம்பர் என்று உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். நம் பிள்ளைகளைப் பார்க்காத ஏக்கத்தில் அந்தப் பிள்ளைகளைக் கொஞ்சப் போய், அப்படியே தங்கிவிட்டீர்களோ என்னமோ. அது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. புரிகிறதாலேயே பொறுத்துக்கொள்வேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பதினைந்து வருஷம் உங்களோடு குப்பை கொட்டியிருக்கிறேன். ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டும்.

வேல்விழி கணக்கில் நல்ல மார்க். நாகஜோதிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. இதையெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், யார் சமைத்துப் போட்டாலும்.

இப்படிக்கு,
முத்துப்பேச்சி


மங்கலம் ரோடு,
திருப்பூர்.
ஜூன் 14

அன்புள்ள வேல்விழி அப்பாவுக்கு,

பக்ரீத்துக்கு வந்த பாய் உங்கள் பதிலைக் கொடுத்தார். சந்தேகப்படாதே, அப்படி ஒன்றும் இல்லை, நேரில் வந்து சொல்கிறேன் என்று ஒரே வரி. நேரில் வந்து சொல்கிற விஷயம் என்றால் எழுத முடியாத விஷயம் என்பது எனக்குத் தெரியாதா? பாயிடம் ஜாடையாகக் கேட்டேன். சீனிச்சாமி தங்கமான ஆளும்மா என்றார். ஒரு முதலாளி தன் ஆளைப் பற்றி அவன் பெண்டாட்டியிடம் வேறு என்ன சொல்வார்? அன்றைக்கே ஒரு பையில் என் துணியையும் பிள்ளைகள் துணியையும் எடுத்து வைத்தேன். எங்கே போவது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஊருக்குப் போனால் மூன்று சங்கமும் சேர்ந்து என்னைப் பற்றிப் பேசும், அதில் மட்டும் ஒற்றுமை வந்துவிடும்.

மறுநாள் யூனிட்டில் பெரிய ரகளை. அங்கே சங்கத்துக் காரியதரிசியாக இருக்கிற லாமிலே அம்மாவிடமிருந்து மெயில் வந்திருந்தது. பிரிண்ட் ஆன பேர்களை அக்கா அவர்களுக்கு அனுப்பியிருந்தார், அதில் எங்கள் பிள்ளைகள் நூற்று நாற்பது பேரைக் காணோமே என்று அந்த அம்மா கேட்டிருந்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து, தரணியை விட்டு முழுசாகப் படிக்கச் சொன்னார். அவர்களில் ஒரு வீட்டில் முதலில் பிறக்கும் பெண் டெடேயாம். இரண்டாவது பெண் கோர்கோர். மூன்றாவது காய். ஆண்பிள்ளைகளுக்கும் அதே மாதிரி வரிசைப் பேர் இருக்கிறதாம். எந்தத் தேசத்தில் பிறந்திருந்தாலும், ஸ்கூலில் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், முதுகைப் பார்த்ததும் இது எத்தனையாவது பிள்ளை என்று ஊரில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் ஏழு சங்கமும் ஒரு வருஷம் வீடு வீடாக விசாரித்து இந்தப் பட்டியலை எழுதினோம் என்று இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நம் யூனிட்டில் மட்டும் நாங்கள் மூன்று முத்துப்பேச்சிகள், எல்லாரும் ஒரே அம்மன் பேர் வைத்த ஒரே ஊர்க்காரிகள். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஆபீஸ்காரர் சம்பள லிஸ்டில் எங்களில் இரண்டு பேரை டூப்ளிகேட் என்று அடித்துவிட்டார். நான் சீனிச்சாமி சம்சாரம், அவள் வேறே, இவள் வேறே என்று கேட் வாசலில் நின்று கத்தியதற்கு நீங்கள்தானே வந்து சமாதானம் செய்தீர்கள். அதையே நான் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். விட்டுப்போன பேர்களை இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து நானும் தரணியும் பிரிண்ட் போட்டு முடித்துவிட்டோம். எல்லாம் ஜூலை முதல் வாரம் விமானத்தில் வந்துவிடும்.

மெயிலின் அடியில் உங்களைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. சீனிச்சாமி எங்களோடு அலைந்து திரிந்து இந்த வேலையைச் செய்கிறார், அதனால் அவர் வீட்டுப் பிள்ளைகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம், அவர்களுக்குள்ள இரண்டு சட்டையையும் திருப்பூரிலேயே கொடுத்துவிடுங்கள் என்று. கோர்கோர் நம் வேல்விழி. காய் நம் நாகஜோதி. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாயந்திரம் பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிப் போனேன்.

பரோட்டாவைப் பிய்த்துப் போடும்போதுதான் உறைத்தது. வேல்விழி நமக்கு மூத்தவள். மூத்தவள் டெடே அல்லவா? கோர்கோர் என்றால் இரண்டாமவள். நாகஜோதி மூன்றாமவளாம். அப்படியானால் அந்த ஜனங்களிடம் உங்களுக்கு முதலில் வேறொரு பெண் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மடத்துக்குளத்தில் கரும்பு வெட்டப் போய் இரண்டு வருஷம் இருந்தீர்களே, அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி நீங்கள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இப்போது இருபது வயசில் ஒரு பெண் எங்கேயோ இருக்கிறாள் என்று எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அவள் மூக்கு உங்கள் மூக்கு மாதிரி இருக்கும் என்றுகூட நினைத்தேன். பையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

அக்காவுக்குத் தெரியாமல் தரணியை விட்டு லாமிலே அம்மாவுக்கு ஒரு மெயில் போடச் சொன்னேன். சீனிச்சாமி வீட்டில் டெடே யார் என்று ஒரே கேள்வி. நேற்று பதில் வந்தது. தரணி தமிழில் சொன்னதை, எனக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுதுகிறேன். நீங்கள் அடித்துவிட்ட வரிகளில்தான் அவள் இருக்கிறாள் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். பட்டியலில் சட்டை போடுகிறவர்கள் மட்டும் இல்லை, ஒவ்வொரு வீட்டிலும் பிறந்த எல்லாரும் வரிசையாக உண்டு. பண்டிகையின்போது போனவர்களை நினைத்து அழுவது எங்கள் வழக்கம், இந்த வருஷம் எல்லாப் பேரையும் வாசிக்கப் போகிறோம். எங்களில் பிள்ளை பிறந்தால் ஏழு நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்போம். எட்டாம் நாள் விடிகிற நேரத்தில் வெளியே கொண்டுவந்து வானத்தைக் காட்டிப் பேர் வைப்போம். எட்டு நாள் தங்கிய பிள்ளை எங்கள் மனுஷி, அவளை விட்டுவிட்டு அடுத்தவளை எண்ண மாட்டோம். இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுக்காரர், எங்கள் பிள்ளை பதினோரு நாள் இருந்தாள் என்றார். அப்படியானால் அவள் உங்கள் டெடே என்று நாங்கள்தான் எழுதச் சொன்னோம் என்று முடித்திருந்தார்.

தரணி பழைய பட்டியலைத் திறந்தாள். கோர்கோருக்கு மேல் வரியில் இருந்தாள். டெடே என்று பேர், உங்கள் நம்பர், சைஸ் கட்டம் காலி, குறிப்பில் பதினோரு நாள். நான் வாய் திறந்து அடிக்கச் சொன்ன வரி அது. இது யாருங்க்கா என்று தரணி கேட்டாள். எங்க மூத்தது என்றேன். டேபிளில் குவிந்து கிடந்த பீஸ் மேலேயே தலையை வைத்து அழுதேன். உங்களுக்குத்தான் அங்கே என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள்.

பதினாறாம் நாள் பேர் வைப்பதாக இருந்தோம். ஐந்து நாள்தான் பாக்கி. பேர் வைக்காத பிள்ளை என்பதால் யாரும் அதற்கப்புறம் அவளைப் பற்றிப் பேசவில்லை. எத்தனை பிள்ளை என்று கேட்கிற இடத்திலெல்லாம் நான் இரண்டு என்றேன், நீங்களும் இரண்டு என்றீர்கள். நீங்கள் சொல்லும்போது உங்கள் முகத்தையே பார்ப்பேன். ஒரு தடுமாற்றமும் இருக்காது. ஆம்பளை, அடுத்தது பிறந்ததும் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பதின்மூன்று வருஷமாக அந்தக் கோபம் எனக்கு உங்கள் மேல் இருந்தது. எதையும் நம்பாமல், எதற்கெடுத்தாலும் உங்களைக் குடைந்துகொண்டே இருந்தேனே, அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் ஒருநாள், ஆவணியில், வேலைக்குப் போகாமல் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு மங்கலம் பக்கம் போவீர்கள். கேட்டால் பழைய தறி முதலாளியைப் பார்க்க என்பீர்கள். அந்த ஒரு நாளுக்காக நான் உங்களோடு ஒரு பொம்பளையைக் கோர்த்து வைத்திருந்தேன். அவளுக்கு ஒரு பேரும் வைத்து மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். நம் மூத்தவள் பிறந்ததும் போனதும் ஆவணி என்பது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். தோன்ற நான் விடவில்லை என்பதுதான் சரி.

எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு வருத்தம் போகவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஜனத்திடம் உங்களால் மூன்று என்று சொல்ல முடிந்திருக்கிறது. அவர்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுதிக்கொண்டார்கள். பக்கத்திலேயே படுத்திருந்த என்னிடம் உங்களால் முடியவில்லை. நான் கேட்கிற மாதிரி இருந்தேனா என்றால், இல்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பையைப் பிரித்துவிட்டேன். அடித்த வரியையும் அதுபோன்ற மற்ற வரிகளையும் தரணி பழைய இடத்திலேயே சேர்த்துவிட்டாள், லாமிலே அம்மாவுக்கும் அனுப்பியாகிவிட்டது. அவளுக்குச் சட்டை தைக்கவில்லை. சைஸ் கட்டத்தில் ஏதாவது எழுதட்டுமா என்று தரணி கேட்டாள், வேண்டாம் என்றேன். கோர்கோரும் காயும் நேற்றிலிருந்து சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறார்கள். எங்களுக்கு ஏன் இந்தப் பேர் என்று வேல்விழி கேட்டாள். அப்பா வந்து சொல்வார் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். லாமிலே அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதாகவும் சொல்லுங்கள்.

அன்று அவளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனது நீங்கள். பெத்தவள் வரக் கூடாது என்று என்னைப் படி இறங்க விடவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வரும்போது ஒன்றும் வாங்கி வர வேண்டாம். வந்ததும் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை, அந்தப் பக்கமெல்லாம் தறிக்கூடம் கட்டிவிட்டார்கள் என்பீர்கள். தறிக்கூடத்தையாவது காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முத்துப்பேச்சி